ஆறு மணிக்கு லைன் பிஸி

போன மாசம் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பழைய கம்ப்யூட்டர் கதைகளைச் சேகரிக்கிறார்களாம். மைசூர் விஜயநகரில் இப்படி ஒருத்தர் இருக்கிறார் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான், என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, ஷோகேஸைத் திறந்து, அந்த சி.டி.யை வெளியே எடுத்தார். இத்தனை வருஷமாக அதைத் தூசி படாமல் வைத்திருக்கிறார். எங்கள் கல்யாண ஆல்பம் பரணில் கிடக்கிறது.

"இதுதாங்க. மைசூர்ல முதல் முதலா ஒரு முழு டிஸ்க்கையே போர்டுல ஏத்தினது நான்தான். பெங்களூர்லேர்ந்துகூட டயல் பண்ணி எடுத்தாங்க. ஒருத்தர்கூட ஒரு குறை சொன்னதில்லை. ஹௌதா இல்லையா?" என்று கன்னடம் கலந்து கேட்டு என்னைப் பார்த்தார்.

காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். வந்தவர்கள் முன்னால் என்ன செய்வது? தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். ஒரு குறையும் சொன்னதில்லையாமே! நான் கரடியாய்க் கத்தினேனே, அது எந்தக் கணக்கில் சேர்த்தி?

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட் வீட்டுக்கு வருவதற்கு முந்தின காலம் அது. எங்கள் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், அதோடு ஒரு மோடம், மோடத்தில் எங்கள் வீட்டு ஃபோன் லைன். கம்ப்யூட்டரும் மோடமும் வைத்திருக்கிறவர்கள் எங்கள் நம்பரை டயல் செய்தால் எங்கள் கம்ப்யூட்டர் எடுக்கும். அவர்கள் திரையில் எங்கள் போர்டு விரியும். அதில் கடிதம் எழுதிப் போடலாம், மற்றவர்கள் எழுதினதைப் படிக்கலாம், ஃபைல்களை இறக்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் யாராவது இருந்தால் அவரோடு தட்டித் தட்டிப் பேசவும் செய்யலாம். ஆனால் லைன் ஒன்றுதான். ஒருத்தர் உள்ளே இருந்தால் மற்ற எல்லாருக்கும் பிஸி. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என் கோபம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

போர்டை ஆரம்பித்தது அவர். நடத்தியது நான். வந்த கடிதங்களுக்குப் பதில் போட்டது, சண்டை போட்டவர்களைச் சமாதானம் செய்தது, ஒவ்வொரு ஃபைலுக்கும் 'இது இன்னதற்கு உதவும், இன்னதற்கு உதவாது' என்று இரண்டு வரி எழுதி வைத்தது எல்லாம் நான்தான். அவர் மாசம் ஒரு தடவை மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மூடி வைப்பார்.

அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தர் கொள்ளேகாலில் கடை வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் எழுத்து அடித்துக் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் தயார் செய்கிற கடை. தமிழ் ஃபான்ட் தேடித்தான் முதலில் வந்தார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுவார், நல்ல குறும்பு. ஒரு நாள் ஏதோ விளக்கம் கேட்டார். "இதைத் தட்டி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும், ஃபோன்ல பேசுங்களேன்" என்றேன். "இதுதாங்க்கா எனக்கு ஃபோன்" என்று பதில் வந்தது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது என்று அப்புறம்தான் சொன்னார். கொஞ்ச நேரம் எனக்கு விரலே ஓடவில்லை. "என்னக்கா, லைன் கட் ஆயிடுச்சா?" என்று அவரே கேட்டுச் சிரிக்கவைத்தார்.

இங்கே மைசூரில் எங்கள் வீட்டைக் கட்டின மேஸ்திரிக்கு ஒரே பெண். அவளுக்கும் காது கேட்காது. ஸ்பெஷல் ஸ்கூலில் படித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, ஒரு தையல் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மேஸ்திரி கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர்ப் பக்கத்துக்காரர், நானும் அந்தப் பக்கம்தான். ஊர்ப்பாசத்தில் நான்தான் வாயைத் திறந்தேன். கொள்ளேகாலில் இப்படி ஒரு பையன் இருக்கிறான், விசாரித்துப் பாருங்கள் என்றேன். விசாரித்தார்கள். வந்து பெண் பார்த்துவிட்டும் போனார்கள். ஜாதகம் பொருந்தியது. மேஸ்திரிக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"ரெண்டும் காது கேக்காததுங்க, அம்மிணி. குழந்தை அழுதா யாருக்குத் தெரியும்? நம்ம ஹனூர்கிட்ட ராமாபுரத்துல என்ற சம்சாரத்தோட அண்ணன் பையன் இருக்கறான். முறை மாப்பிள்ளை. கேட்டுட்டே இருக்கறாங்க."

"உங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

நல்ல மனுஷன், கேட்டார். அவள் கொள்ளேகாலைத்தான் காட்டினாள். அப்போது ஆடி பிறக்கப் போகிறது. ஆடியில் கல்யாணப் பேச்சு முடிக்கக் கூடாது. மேஸ்திரி ஒரு முடிவுக்கு வந்தார். ஆடி முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும். ஆவணி ஒண்ணாம் தேதி இரண்டில் ஒன்று சொல்லிவிடுவேன், அதற்கு மேல் ஒரு நாள்கூட இழுக்க மாட்டேன் என்றார். ஆனால் கடிதம் போடக் கூடாது. "பொம்பளைப்புள்ள கையெழுத்து ஒருத்தன் ஊட்டுல போய் இருக்கக் கூடாதுங்க. நாளைக்குக் கல்யாணம் நின்னு போச்சுன்னா?" என்றார். அவர்கள் பக்கம் அப்படி ஒரு கட்டுப்பாடு. கம்ப்யூட்டரில் தட்டினால் கையெழுத்தே இல்லையே! அதுவும் என் வீட்டில், என் கண் முன்னால். அதற்குச் சரி என்றார்.

அப்படித்தான் எங்கள் போர்டில் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை பேச்சு நேரம் ஆனது. அவள் வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். அவர் கொள்ளேகாலிலிருந்து டயல் செய்வார். அந்த நேரத்தில் யாரும் உள்ளே வரக் கூடாது என்று நான் போர்டில் எழுதிப் போட்டேன். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவ்வளவு நல்ல ஜனங்கள். ஆறு அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போதே "நேரமாச்சு, கிளம்பறேன் மேடம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

மோடத்தில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. மணி அடிக்கும்போது அது மின்னும். அவளுக்கு மணி கேட்காது, விளக்குத்தான். விளக்கு மின்னினதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் காய் நறுக்குகிறேன் பேர்வழி என்று முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துகொள்வேன். எனக்கு அப்போது எட்டு மாசம். கீபோர்டு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் அவள் தனக்குத்தானே சிரிப்பது கேட்கும்.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது மேஸ்திரி ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணத்துக்கப்புறம் மாப்பிள்ளை மைசூருக்கு வந்துவிட வேண்டும். சொந்தபந்தம் இல்லாத ஊரில் மகளைத் தனியாக விட மாட்டேன், பக்கத்தில் இருந்தால் குழந்தை குட்டி என்றால் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார். நியாயம்தானே? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அதைத் தட்டினாள். திரையில் பதில் வந்தது. "அம்மா தனியா இருக்காங்க. அவங்ககிட்ட பேசிட்டு ஞாயித்துக்கிழமை சொல்றேன். ஆறு மணிக்கு." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

சனிக்கிழமை என் வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து அந்த டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்தார்.

வாசலிலேயே அதை வெயிலில் பிடித்துக் காட்டினார். ஆயிரக்கணக்கில் ஃபைலாம். கேம், படம், என்னென்னவோ. எல்லாம் போர்டில் ஏறிவிட்டால் கர்நாடகத்திலேயே நம்மை அடிக்க ஆள் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை காலை பனியனோடு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. டிஸ்க்கில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு விவரப் பட்டியல் இருக்கும். அதைப் போர்டின் பட்டியலோடு சேர்க்க வேண்டும். நிதானமாகச் செய்கிற வேலை. அவருக்கு ஏது நிதானம்? டிஸ்க்கிலேயே எல்லாவற்றையும் தானாகச் செய்கிற புரோகிராம் ஒன்று இருந்தது. அதை ஓட்டினார். அது என்ன கேட்டாலும் யெஸ், யெஸ், யெஸ். பழைய அறிவிப்புகளை எடுத்துவிடவா என்று கேட்டிருக்கிறது. அதற்கும் யெஸ்.

"ஆறு மணிக்கு லைன் வேணும்ங்க" என்று மத்தியானமே சொன்னேன்.

"ஆகும், ஆகும். சும்னிரு" என்று கன்னடத்தில் என் வாயை அடைத்தார்.

ஆறு மணிக்கு அவள் வந்தாள். போர்டு மூடிக் கிடந்தது, ஃபோனையும் எடுத்துக் கீழே வைத்திருந்தார். டிஸ்க் டிரைவ் கர்கர் என்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியில் இவர் உட்கார்ந்திருந்தார். அவள் சுவரோரமாக ஏழு மணி வரைக்கும் நின்றுவிட்டுப் போனாள். இந்த மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை போர்டைத் திறந்தார். செய்தி எப்படித்தான் பரவியதோ, ஒருத்தர் போனால் அடுத்தவர். முன்பின் தெரியாத பேர்கள். எங்கள் மோடம் நத்தை. ஒரு கேம் இறங்க ஒரு மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு அவள் வந்து உட்கார்ந்தாள். எவனோ ஒருத்தன் கார் ஓட்டுகிற கேம் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தான். அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற எண் மட்டும் திரையில் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவனை வெளியே தள்ளுங்க" என்றேன்.

"பாதியில அறுத்தா மொதல்லேர்ந்து எடுக்கணும். பாவம் இல்லையா?"

பாவமாம்! கேம் இறக்குகிறவன் பாவமாம்!

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கடியில் குனிந்து ஃபோன் வயரைப் பிடுங்கினேன். லைன் அறுந்தது. திரும்பச் செருகினேன். செருகின மாத்திரத்தில் விளக்கு மின்னியது. அவள் எழுந்தே நின்றுவிட்டாள். வந்தது இன்னொரு கேம்காரன். உள்ளூர்க்காரர்கள் கம்ப்யூட்டரே தானாகத் திரும்பத் திரும்ப டயல் செய்கிறபடி வைத்திருந்தார்கள், கொள்ளேகால் ட்ரங்க் லைன் சேருவதற்குள் இவர்கள் நுழைந்துவிடுவார்கள். மறுபடியும் பிடுங்கினேன். மறுபடியும் விளக்கு, மறுபடியும் எவனோ. அவள் முகம் மலர்ந்து மலர்ந்து வாடியதை நான் மேஜைக்கடியிலிருந்தே பார்த்தேன். கடைசியில் அவளே என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, என் வயிற்றைக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "நீங்களாவது கொள்ளேகால் வரைக்கும் ஒரு எட்டு போய்ட்டு வாங்க. என்னை இந்த நிலைமையில யாரும் பஸ் ஏற விடமாட்டாங்க. அந்தப் பையன் பதிலைக் கேட்டுட்டு வந்துடுங்க" என்று கெஞ்சினேன். "டிஸ்க் வேலை முடியட்டும். அதுக்குத்தான் ஒரு ஏற்பாடு பண்ணிட்டேனே" என்றார்.

என்ன ஏற்பாடு தெரியுமா? பேச்சு நேரம் இனிமேல் காலை ஐந்திலிருந்து ஆறு வரை என்று அறிவிப்புப் போட்டிருந்தார். எங்கே போட்டிருந்தார்? போர்டில்! லைன் கிடைக்காமல் வெளியே நிற்கிறவனுக்கு, உள்ளே வந்தால்தான் படிக்க முடிகிற இடத்தில் அறிவிப்பு! இதைவிடப் பெரிய புத்திசாலியை நான் இந்த ஜென்மத்தில் பார்க்கவில்லை. அவருக்கு அது இன்றைக்கு வரைக்கும் புரியவில்லை என்பதுதான் எரிச்சல்.

நானே கொள்ளேகாலுக்குக் கடிதம் எழுதித் திங்கட்கிழமை ராத்திரியே தபாலில் போட்டேன். அடுத்த நாள் சுதந்திர தினம், தபால் நகரவில்லை. மூலையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அந்தப் பையன் கடைக்கு ஃபோன் செய்து பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கேட்பதற்குத்தான் அங்கே ஆள் இல்லையே. என் முட்டாள்தனத்தை நினைத்து பூத்துக்குள்ளேயே அழுதேன். மேஸ்திரியிடம் இன்னும் நான்கு நாள் தவணை கேட்டேன், நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள் என்றும் கேட்டேன்.

"பொண்ணு ஊட்டுக்காரன் போய் வாசல்ல நிக்கறதா? பேச இஷ்டம் இருந்தா பேசியிருப்பானே அம்மிணி. மைசூருக்கு வான்னதும் பயலுக்குப் பேச்சு நின்னு போச்சு பாருங்க" என்றார்.

"லைன் பிஸிங்க, அதனாலதான்" என்றேன்.

"மூணு நாளாவா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை.

புதன்கிழமையும் அவள் வந்தாள். அன்றைக்கு அவள் விளக்கைப் பார்க்கவில்லை. சித்த நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கீபோர்டுக்கு நான் தைத்துப் போட்டிருந்த துணி உறையை எடுத்து மூடி, நான்கு மூலையையும் இழுத்துவிட்டுப் போனாள். வியாழக்கிழமை ஆவணி பிறந்தது. ராமாபுரத்திலிருந்து வெற்றிலை பாக்கோடு வந்துவிட்டார்கள். மேஸ்திரி சொன்ன சொல் தவறாதவர், வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வாக்கில், கேம்காரர்கள் எல்லாம் ஆபீஸ் போயிருந்த நேரம், விளக்கு மின்னியது. கொள்ளேகால். நான் ஒன்றும் தட்டுவதற்கு முன்னாலேயே எழுத்துகள் கடகடவென்று வந்தன.

"அக்கா, உங்க லெட்டர் இப்பதான் கெடச்சது. நான் ஞாயித்துக்கிழமையிலேர்ந்து தினமும் ஆறு மணிக்கு டயல் பண்றேன். பிஸி பிஸின்னே வருது. அவங்கப்பாதான் வேண்டாம்னு லைனை மூடிட்டாரோன்னு நெனச்சேன். அம்மா சரின்னுட்டாங்க. மைசூருக்கே வர்றோம். அவங்ககிட்ட சொல்லிடுங்க."

என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில் ஷேவ் செய்துகொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான்தான் தட்ட வேண்டியிருந்தது. "நேத்து ராமாபுரத்துக்கு வெத்தலை மாத்திட்டாங்க தம்பி." "சரிங்க்கா" என்று வந்தது. லைன் போய்விட்டது. அதற்கப்புறம் அவர் எங்கள் போர்டுக்கு வந்ததே இல்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க ராமாபுரத்துக்காரர்கள் கொள்ளேகாலில் அவர் கடைக்குத்தான் போயிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் தமிழில் கம்ப்யூட்டரில் அடிக்க அப்போது வேறு கடை இல்லை. எனக்கும் ஒன்று வந்தது. நான் அதை எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

அவள் நன்றாக இருக்கிறாள் என்கிறார்கள். மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் ராமாபுரத்தில் ஒரு தடவை பார்த்தேன். புருஷன் நல்லவன்தான், ஆனால் அவளோடு பேச அவனுக்கு வழி தெரியாது. அவன் கத்திப் பேசுகிறான். அவள் உதட்டைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். அந்த வீட்டில் அவளைச் சிரிக்கவைக்க யாருக்காவது தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் அடுக்களையில் நின்று நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் இவர் இன்னும் அளந்துகொண்டிருந்தார். யாருக்கும் ஒரு சின்னத் தொந்தரவுகூட இல்லாமல் டிஸ்க்கை ஏற்றினதாகச் சொன்னார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடியே போய் நின்றேன்.

"அந்தப் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டீங்களே, அதையும் சொல்லுங்க" என்றேன்.

வந்தவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார்கள்.

"எந்தப் பொண்ணு?" என்றார்.

என்னை மடக்கக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். ஆடி மாசம் முழுக்கத் தினமும் அவர் வீட்டில், அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள். அப்புறம் ஞாபகம் வந்தவராக முகம் தெளிந்து, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஓ, அதுவா! சாயங்காலத்துல நம்ம வீட்டுக்கு டிவி பாக்க வருமே ஒரு பொண்ணு?"

நாங்கள் அப்போது டிவி வாங்கியிருக்கவே இல்லை.